மாட்டு டாக்டரின் தங்கை

அக்கா கால்நடை மருத்துவர். தங்கை அதே ஊரில், இரண்டு தெரு தள்ளி, பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். அக்காவை எல்லோரும் மாட்டு டாக்டர் என்றார்கள். தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே மினுக்கி என்றுதான் பெயர். பள்ளிக்கூடம் போகும்போதே கண்ணாடி முன்னால் அரைமணி நேரம் நிற்பாள். அப்பா வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. அவளுக்கும் அதில் வருத்தமில்லை. பின்னாளில் பார்லருக்கே அந்தப் பெயரைத்தான் வைத்தாள்.

இருவருக்கும் குணத்தில் ஏணி வைத்தாலும் எட்டாது. அக்கா ஒரு கை முழுவதையும் பசுவுக்குள் விட்டுக் கன்றைத் திருப்பிப் போட்டுவிட்டு, அதே உடுப்போடு வந்து டீ குடிப்பாள். மினுக்கி அவளை வாசலிலேயே நிறுத்தி, சோப்பைக் கையில் கொடுத்து, "முழங்கை வரைக்கும் தேய். இன்னொரு தடவை" என்பாள். தன் உடம்பிலோ பிறர் உடம்பிலோ வேர்வை, முடி, நாற்றம் எதையும் அவளால் பொறுத்துக்கொள்ள முடியாது. "நாமளும் பாலூட்டிதாண்டி" என்று அக்கா சீண்டுவாள். "நீ பாலூட்டி. நான் பியூட்டி" என்பாள் தங்கை.

இந்தச் சீண்டலுக்கு அடியில் ஒரு பழைய விஷயம் இருந்தது. இருவரும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா நோயில் விழுந்து, பின்பக்க அறையில் மாதக்கணக்கில் கிடந்தாள். துடைத்துவிட்டது, துணி மாற்றியது எல்லாம் பெரியவள்தான். சின்னவள் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வாசல்படியில் நிற்பாளே தவிர உள்ளே வரமாட்டாள். கடைசி நாட்களில் அம்மாவுக்குப் பேச்சு நின்றுபோய்த் தொண்டையிலிருந்து வெறும் சத்தம் மட்டும் வந்தது. "அம்மா ஏன் மாடு மாதிரி கத்தறா?" என்று சின்னவள் கேட்டாள். பெரியவள் அவளைப் பளாரென்று அறைந்துவிட்டாள்.

அறைந்தவள்தான் பிறகு அந்தக் கேள்வியிலேயே ஆறுதல் தேடிக்கொண்டாள். ஆமாம், மாடு மாதிரிதான். மாடு, நாய், பறவை எல்லாவற்றுக்கும் நடப்பது அம்மாவுக்கும் நடந்தது. யாரும் யாருக்கும் அநியாயம் செய்யவில்லை. அப்படி நினைத்தபோது அவளுக்கு மூச்சுவிட முடிந்தது. கால்நடை மருத்துவம் படிக்கப் போனாள். தங்கை வேறு பக்கம் ஓடினாள். பவுடர், சென்ட், நகப்பூச்சு, ஒரு முடிகூடப் பிசகாத புருவம். அந்த அறைக்கும் தனக்கும் நடுவே எவ்வளவு தூரம் போட முடியுமோ அவ்வளவையும் போட்டாள்.

ஒருநாள் சாயங்காலம் அக்கா பார்லருக்குப் போனபோது, மினுக்கி ஒரு மணப்பெண்ணுக்குக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கிக் கொண்டை ஊசி குத்தும்போது சட்டை மேலே ஏறியது. பேன்ட்டின் இடுப்புத் தையலைப் பிரித்து அகலமாக்கியிருந்தது அக்காவின் கண்ணில் பட்டது. முகம் ஒட்டியிருந்தது. தோள் இளைத்திருந்தது. வயிறு மட்டும் உப்பியிருந்தது.

"என்னக்கா, மாட்டுக்குச் சினை பாக்கற மாதிரி பாக்கறே?" என்றாள் மினுக்கி. மணப்பெண்கூடச் சிரித்தாள்.

அக்கா சிரிக்கவில்லை. மணப்பெண் போனதும், "அந்த மேசையில படு" என்றாள். வேக்ஸிங் செய்கிற மேசை.

"கை கழுவினியா?"

"கழுவிட்டேன். படு."

ஒரு பக்கம் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மறுபக்கம் விரலால் தட்டினாள். உள்ளே அலை ஒன்று கிளம்பி வந்து அவள் உள்ளங்கையில் மோதியது. எத்தனையோ வயிறுகளில் அதை உணர்ந்த கை. உள்ளே நீர் கோத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் தங்கையின் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டே, "கேஸ் டிரபிளாத்தான் இருக்கும். நாளைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்" என்றாள்.

கேஸ் இல்லை. சூலகத்தில் தொடங்கிய புற்று வயிறு முழுவதும் பரவியிருந்தது. அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டத் தொடங்கியதும் மினுக்கி தன் பார்லர் நாற்காலியில் தானே உட்கார்ந்து, தானே மெஷினைப் பிடித்து மொட்டையடித்துக்கொண்டாள். "இந்த மண்டை இவ்வளவு அழகா இருக்கும்னு தெரிஞ்சிருந்தா முப்பது வருஷம் ஷாம்பு மிச்சமாயிருக்கும்" என்றாள். பென்சிலால் புருவம் வரைந்துகொண்டு மறுநாளே வேலைக்கு வந்தாள்.

அவளுடைய கணவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அதிகம் பேசாதவர். கற்றுக்கொடுக்கும் காரில் அவருடைய இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. ஆபத்து என்றால் வாய் திறக்குமுன் கால் அழுத்திவிடும். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கும்போதும், உள்ளே மனைவி முனகினால், அவருடைய வலது கால் தரையை அழுத்தும். அக்கா அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொஞ்ச நாள் நன்றாக இருந்தது. முடிகூட முளைத்தது, பட்டுப்போல. பிறகு வயிறு மறுபடி உப்பியது. இந்தத் தடவை டாக்டர் மருந்து எழுதாமல் பேனாவை மூடி வைத்துவிட்டு, "வீட்டுலயே வச்சுப் பாத்துக்கங்க" என்றார். குழந்தை இல்லாத வீடு. மாஸ்டர் ஒருவரால் முடியாது. அக்கா தனியாள்தான். கிளினிக்கைக் காலையில் மட்டும் திறப்பது என்று வைத்துக்கொண்டு, ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஒரு மத்தியானம், பால்கனியில் தங்கையைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தாள். கீழே தெருவில் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். மினுக்கி திடீரென்று, "பயமா இருக்குக்கா" என்றாள்.

இந்தச் சொல்லுக்காகவே அக்கா பல வருடங்களாகப் பதில் வைத்திருந்தாள். தனக்குக் கை கொடுத்தது தங்கைக்கும் கொடுக்கும் என்று நம்பினாள்.

"பொறந்த எல்லாத்துக்கும் இதுதாண்டி. நான் எத்தனை பாத்திருக்கேன். அதுங்களுக்கு இந்தப் பயம் கெடையாது. வேளை வந்துட்டா ஒரு ஓரமாப் போய்ப் படுத்துக்கும். அழுகை இல்ல, ஆர்ப்பாட்டம் இல்ல. நாமளும் அதுல ஒண்ணுதான்னு நெனச்சுப் பாரு. மனசு லேசாயிடும்."

மினுக்கி தெருவிலிருந்து பார்வையைத் திருப்பி அக்காவைப் பார்த்தாள்.

"நான் ஓரமாப் படுத்துக்கற நாயில்லக்கா" என்றாள். குரல் உயரவில்லை. "எனக்குப் போக மனசில்ல. அடுத்த மாசம் மூணு கல்யாணத்துக்குச் சொல்லி வச்சிருக்காங்க. அவருக்கு எந்தச் சட்டைக்கு எந்தப் பேன்ட்டுன்னுகூடத் தெரியாது. எந்த நாய் இதையெல்லாம் நெனச்சுக்கிட்டுப் படுத்திருக்கு, சொல்லு?"

"நான் அந்த அர்த்தத்துல..."

"நீ உன் மனச லேசாக்கிக்கத்தான் சொல்றே. அம்மா செத்தப்பவும் இதையேதான் சொன்னே. என்னை உள்ள கூட்டிட்டுப் போ."

அன்று முழுவதும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அக்கா சமையலறையில் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே நின்றாள். கழுவியதையே திரும்பக் கழுவினாள். தங்கை சொன்னதில் தப்பு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

வலி அதற்குப் பிறகுதான் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் வலியே இல்லை என்று ஆகிவிட்டது. மாத்திரை ஒரு மணி நேரம் தாங்கும். அப்புறம் மினுக்கி போர்வையைக் கடித்துக்கொண்டு கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொள்வாள். புருவம் வரையச் சொல்வதை நிறுத்திவிட்டாள். கண்ணாடியைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். கழிவறைக்கு எழுந்து போக முடியாமல் முதல்முறை படுக்கையிலேயே ஆனபோது, அக்கா துடைத்துவிட்டு முடிக்கும்வரை இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மாஸ்டர் மருந்துக் கடைக்குப் போயிருந்தார். வெளியே நல்ல வெயில். மினுக்கி கண்ணைத் திறந்து, "அக்கா, கதவச் சாத்து" என்றாள்.

சாத்தினாள்.

"அந்தக் கறுப்பு நாய்க்கு ஊசி ஒண்ணு போட்டியே, போன வருஷம். பின்னங்கால் ரெண்டும் போயிருந்துச்சே. நான்கூட வாசல்ல நின்னேன்."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. புரியாததுபோல், "எந்த நாய்?" என்றாள்.

"நடிக்காத. எவ்வளவு நேரமாச்சு அதுக்கு? நீ தலையத் தடவிக்கிட்டே இருந்தே. அது ஒரு பெருமூச்சு விட்டுச்சு, அவ்வளவுதான். வெளிய வந்து, 'கஷ்டப்படாமப் போச்சு'ன்னு சொன்னே." மூச்சு வாங்கியது அவளுக்கு. "எனக்கு அத போடு."

"வாய்க்கு வந்ததப் பேசாத."

"நீ சொன்னத நான் ஒத்துக்கறேன்க்கா. நான் மிருகந்தான். பாரு என்னை. எங்கிட்ட வேற என்ன மிச்சமிருக்கு? மிருகத்துக்குச் செய்யறத எனக்குச் செய்."

அக்கா கதவின் தாழ்ப்பாளை ஒருமுறை பார்த்தாள். மருந்து எங்கே இருக்கிறது என்று தெரியும். கிளினிக் அலமாரி, மேல்தட்டு, சாவி தன் இடுப்பில். எவ்வளவு, எந்த நரம்பு, எல்லாம் தெரியும். ஒரு நாய் இப்படிக் கிடந்திருந்தால் நேற்றே செய்திருப்பாள், செய்யாதவர்களைத் திட்டியும் இருப்பாள். கட்டிலருகே மண்டியிட்டாள்.

"என்னால முடியாதுடி. நீ மனுஷிடி."

மினுக்கி சிரித்தாள். அந்த நிலையிலும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

"இத்தனை வருஷம் விட்டுட்டு இப்பத்தான் சொல்றியா?"

பிறகு அவள் அக்காவோடு பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் கணவரைத்தான் பார்ப்பாள். அக்கா மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதுவரை டாக்டர்களிடம் குரலை உயர்த்தாதவள், அங்கே மேசையைத் தட்டி, "மாட்டக்கூட நாங்க இப்படி விடமாட்டோம்" என்று கத்தினாள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் அவளை அழைத்துப்போய், வலிக்கென்றே இருக்கிற ஒரு டாக்டரிடம் உட்கார வைத்தார். அந்த அம்மாள் அன்றைக்கே வீட்டுக்கு வந்து, வயிற்றில் தோலுக்கடியில் மெல்லிய குழாயைப் பொருத்தி, மார்ஃபின் சொட்டுச் சொட்டாக இறங்கும்படி வைத்துவிட்டுப் போனார். இது முன்பே இருந்திருக்கிறது. யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. அத்தனை நாள் வலியும் தங்கை சும்மா பட்ட வலி. அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

வலி அடங்கி நன்றாகத் தூங்கி எழுந்தபின் மினுக்கி தன் கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன இது, பேய் மாதிரி நகம்?" என்றாள். யாரிடம் என்றில்லாமல் சொன்னதுதான். ஆனால் அறையில் அக்கா மட்டும்தான் இருந்தாள்.

நகவெட்டியோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். தங்கையின் விரலை இறுக்கிப் பிடித்து, சதையைப் பின்னுக்குத் தள்ளி, சாய்த்து வெட்டினாள்.

"நாய்க்கு வெட்டற மாதிரி வெட்டறே."

"எனக்குத் தெரிஞ்சது அதான்."

"நான் எங்க ஓடப்போறேன்? மெதுவா பிடி."

வெட்டி முடித்தபின், இரண்டாவது இழுப்பறையில் மூன்றாவது புட்டி என்று சொல்லி எடுக்க வைத்தாள். இளஞ்சிவப்பு. அக்காவின் தடித்த விரல்களுக்குள் அந்தச் சின்ன பிரஷ் நிற்கவில்லை. நகத்தில் பட்டதைவிடத் தோலில் பட்டது அதிகம். மினுக்கி திட்டிக்கொண்டே இருந்தாள். இருவருக்கும் அது இதமாக இருந்தது. நகம் காய்வதற்காகக் கையைப் போர்வைமேல் விரித்து வைத்துக்கொண்டு, அவள் கேட்டாள்:

"அதுங்களுக்கு நிஜமாவே பயம் இல்லையாக்கா?"

அக்கா புட்டியை மூடினாள். தன்னிடம் நாயைத் தூக்கிக்கொண்டு வந்து அழுதவர்களிடம் அவள் எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தாள். பால்கனியில் தங்கையிடமும் அதைத்தான் சொன்னாள்.

"இருக்கு" என்றாள். "பயப்படும். மேசைமேல ஏத்தினதும் நடுங்கும். கண்ணு வெள்ளையாத் தெரியும். ஒரு குதிரை, கெழட்டுக் குதிரை, படுத்தா எந்திரிக்க முடியாதுன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. ரெண்டு நாள் நின்னுக்கிட்டே இருந்துச்சு. கால் வெடவெடன்னு ஆடுது, படுக்கமாட்டேங்குது. ஓரமாப் போய்ப் படுத்துக்கறதுங்ககூட, பயந்துதான் ஒளியுதோ என்னவோ. நான் பயம் இல்லேன்னு சொன்னது... அப்படி நெனச்சாத்தான் என்னால அந்த வேலைய செய்ய முடியும்."

"அந்தக் குதிரை அப்பறம்?"

"வண்டிக்காரர் பக்கத்துல போய், கழுத்துல சாஞ்சு நின்னாரு. ரொம்ப நேரம். அப்பறம் படுத்துச்சு."

மினுக்கி நகங்களை ஊதிக்கொண்டாள்.

"அப்ப நான் மட்டும் இல்ல" என்றாள்.

"நீ மட்டும் இல்லடி."

அதற்குப் பின் அக்கா துடைத்துவிடும்போது அவள் முகத்தை மூடிக்கொள்ளவில்லை.

கடைசி நாள் காலை, அக்கா அவசரமாக ஒரு மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டுத் திரும்பினாள். மாஸ்டர் வாசலில் நின்று, "மூச்சு ஒரு மாதிரி இருக்கு, வாங்க" என்றார். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். மூச்சு வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அந்த மூச்சு அவளுக்குத் தெரிந்த மூச்சு. நாடியைப் பிடிக்கவில்லை. கட்டிலில் ஏறி, சின்ன வயதில் இருவரும் ஒரே பாயில் படுத்ததுபோல் தங்கையின் முதுகோடு ஒட்டிப் படுத்து, கையைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். மாஸ்டர் கால்மாட்டில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

தூங்குகிறாள் என்றுதான் நினைத்தார்கள். மினுக்கி கண்ணைத் திறக்காமலே, "உம்மேல மாட்டு வாடை அடிக்குது" என்றாள்.

"குளிச்சிட்டு வந்துடறேன்."

"வேணாம். இரு."

இருந்தாள். ஜன்னலில் வெயில் ஏறியது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போயிற்று. ஒரு தடவை இவர்கள் காத்திருந்தார்கள், அடுத்தது வரவில்லை. அக்கா தன் முகத்தை அந்தப் பட்டு முடிக்குள் புதைத்துக்கொண்டாள். எல்லா உயிருக்கும் நடப்பதுதான் என்று ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் லேசாகவில்லை. எல்லா உயிருக்கும் நடக்கட்டும், அதனால் இவளுக்கென்ன? போனது இவள் தங்கை. சோப்பைக் கையில் கொடுத்து வாசலில் நிறுத்த இனி ஆளில்லை.

பல வாரங்கள் கழித்து மாஸ்டர் கிளினிக்குக்கு வந்தார். வெளியே பெஞ்சில் ஒருவர் நாயோடும் ஒருவர் பூனைக்கூடையோடும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டி உள்ளே வந்து, மேசைக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். முடி காதை மூடி வளர்ந்திருந்தது. பச்சைச் சட்டைக்கு நீலப் பேன்ட் போட்டிருந்தார்.

"அவ உங்ககிட்ட அந்த ஊசிய கேட்டது எனக்குத் தெரியும்க்கா. சொன்னா."

அக்கா கையுறையைக் கழற்றினாள்.

"நீங்க போட்டிருந்தா உங்களை என்னிக்கும் மன்னிச்சிருக்க மாட்டேன்" என்றார். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். "போடலைன்னும் மன்னிக்க முடியல. அந்த ரெண்டு நாளு அவ பட்டது... அவ நகத்துக்குச் சாயம் பூசச் சொல்லி உங்களத் திட்டினத நெனச்சா, நல்லவேளை போடலைன்னு இருக்கு. போர்வையக் கடிச்சத நெனச்சா..."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு தம்பி" என்றாள் அக்கா. "தெனமும்."

வெளியே நாய் ஒருமுறை குரைத்தது, யாரோ அதட்டினார்கள்.

"முடி வெட்டிக்கலையா?" என்று கேட்டாள்.

"அவதான் வெட்டி விடுவா, கல்யாணம் ஆனதுலேர்ந்து. சலூன் கடை வரைக்கும் போனேன். உள்ள போக முடியல."

அக்கா எழுந்து போய், வெந்நீரில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்துத் துடைத்தாள். விலங்குகளின் காயத்தைச் சுற்றி முடி கத்தரிக்கிற கத்தரி. ஒரு துண்டை எடுத்து அவர் தோளைச் சுற்றிப் போட்டாள். அவர் தலையைக் குனிந்து கொடுத்தார். சீப்பு இல்லாததால் விரலாலேயே கோதிக் கோதி வெட்டினாள். ஒரு பக்கம் ஏறியது, ஒரு பக்கம் இறங்கியது. பின்கழுத்தில் அவள் விரல் பட்டபோது அவர் உடம்பு ஒருமுறை நடுங்கி, பிறகு அடங்கியது. அவர் கண்ணிலிருந்து வழிந்ததை அவளும் துடைக்கவில்லை, அவரும் துடைக்கவில்லை.

வெட்டி முடித்ததும் மாஸ்டர் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கா?" என்றார்.

"கேவலமா இருக்கு" என்றாள் அக்கா.

அவர் தலையாட்டினார். ஓட்டக் கற்றுக்கொள்ள அடுத்த ஆள் காரில் காத்திருப்பார் என்று சொல்லி எழுந்து போனார். அவள் துடைப்பத்தை எடுத்தாள். தரையில் கிடந்த முடியில் பாதிக்குமேல் நரைத்திருந்தது. அதைக் கூட்டாமல் கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டவில்லை.